கயோட்டி வேட்டைக்கு இலகுவான போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்: எதை எடுப்பது?

கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துக் கையில் கொடுக்கும்போது எந்த ரைஃபிளும் கனமாகத் தெரியாது. ஆறரை பவுண்டு, அதாவது ஏறக்குறைய மூன்று கிலோ. ஒரு நிமிடம் தோளில் வைத்துப் பார்க்க யாருக்கும் சிரமமில்லை. அதன்மேல் ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், தோள்வார், முன்னால் மடிந்து நிற்கும் இருகால் தாங்கி என்று ஒவ்வொன்றாக ஏறியபின் அதே ரைஃபிள் பத்து பவுண்டைத் தொட்டுவிடும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துச் சேஜ் புதர்களுக்கு நடுவே ஜனவரிக் காலையில் நாலைந்து மைல் அதைச் சுமந்து நடந்தால், கடையில் தெரியாத கனம் அங்கே தெரியும்.

அதனால் பிராண்ட் பேச்சுக்கு முன்னால் ஒரு கூட்டல் கணக்கு. டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் என்ற தாழ்ப்பைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் வகை) வெறுமனே சுமார் 6.4 பவுண்டு. 13 அவுன்ஸ் எடையுள்ள சாதாரண வேட்டை ஸ்கோப், 4 அவுன்ஸ் வளையங்கள், 5 அவுன்ஸ் வார், மேகசினில் நாலு தோட்டா. மொத்தம் எட்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. இப்போது அதே ரைஃபிளில் 5-25 மடங்கு பெரிதாக்கும் போட்டி ஸ்கோப்பை வையுங்கள். அது மட்டும் 30 அவுன்ஸ். அதற்கேற்ற பெரிய வளையங்களும் இருகால் தாங்கியும் சேர்ந்தால் பத்து. ரைஃபிளில் அரை பவுண்டு குறைக்க 500 டாலர் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், ஸ்கோப்பில் ஒரு பவுண்டை யோசிக்காமல் ஏற்றிவிடுகிறார்கள். என் கட்சி இதுதான்: எடையை ரைஃபிளில் தேடுவதற்கு முன் ஸ்கோப்பிலும் தோட்டாவிலும் தேடுங்கள். அங்கே முடிவு செய்துவிட்டால், எந்த ரைஃபிள் என்ற கேள்வி பாதி தானாகத் தீர்ந்துவிடும்.

இந்த வேட்டை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். கயோட்டி வட அமெரிக்கக் காட்டு நாயினம்; நம் ஊர் நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. மேற்கு மாநிலங்களில் வளர்ந்த விலங்கு ஒன்று 20 முதல் 35 பவுண்டு இருக்கும். கிழக்கே இன்னும் பருமனானவை உண்டு. குளிர்கால ரோமத்தில் பெரிதாகத் தெரிந்தாலும் உள்ளே உடம்பு ஒல்லிதான். குண்டு பட வேண்டிய நெஞ்சுப் பகுதி நாலு அங்குல வட்டத்துக்கு மேல் இல்லை. வேட்டைக்காரர் காற்றுக்கு எதிராக நடந்து போய், ஒரு புதரின் நிழலில் உட்கார்ந்து, அடிபட்ட முயலின் அலறலை வாயால் ஊதியோ மின்னணுக் கருவியில் ஒலிக்கவிட்டோ பதினைந்து இருபது நிமிடம் அசையாமல் காத்திருப்பார். ஒன்றும் வராவிட்டால் எழுந்து அரை மைல், முக்கால் மைல் தள்ளிப்போய் மறுபடி முதலிலிருந்து. வந்தால் நேராக வராது. காற்று போகும் பக்கமாகச் சுற்றி வளைத்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். நடுவில் இரண்டு மூன்று நொடி நின்று தலையைத் தூக்கும். அந்த நொடிகளுக்காகத்தான் இத்தனை தளவாடமும்.

இதில் இரண்டு விஷயம் அடங்கியிருக்கிறது. ஒன்று, நடை அதிகம். இன்னொன்று, சுடுவது குறைவு. ஒரு காலையில் மூன்று குண்டு சுட்டால் அது பெரிய நாள். குழல் சூடேறுவதற்கு வாய்ப்பே வராது.

ஆனாலும் 'வார்மின்ட் ரைஃபிள்', அதாவது தொல்லை தரும் சிறு விலங்குகளைச் சுடும் ரைஃபிள் என்று கடையில் கேட்டால் தடித்த குழல் வைத்த, ஒன்பது பத்து பவுண்டு வெற்று எடையுள்ள ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அது ப்ரெய்ரி டாக் என்ற வளை தோண்டும் அணில் வகையைச் சுடுபவர்களுக்கானது. தெற்கு டகோட்டா புல்வெளிகளில் மேசை போட்டு உட்கார்ந்து ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் சுடுகிறார்கள். மெல்லிய குழல் அங்கே சூடேறிக் குறி நகர்ந்துவிடும், தடித்த குழல் தாங்கும். ஒரே அலமாரியில் வைத்து விற்பதால் இரண்டும் ஒரே வேலைக்கானவை என்ற எண்ணம் வந்துவிட்டது. கயோட்டிக்கு மெல்லிய குழல் தாராளமாகப் போதும்.

அதற்காக எவ்வளவு இலகுவோ அவ்வளவு நல்லது என்றும் ஓடக்கூடாது. கிம்பர் மவுண்டன் அசென்ட் மாதிரி ஐந்து பவுண்டுக்கும் குறைவான ரைஃபிள்கள் சந்தையில் இருக்கின்றன. மலையாடு தேடிப் பத்தாயிரம் அடி உயரத்துக்கு ஏறுபவருக்கு அவை வரம். கயோட்டிக்கு அவற்றை நான் சொல்ல மாட்டேன். எடை குறையக் குறைய ரைஃபிள் நம் மூச்சுக்கும் நாடித் துடிப்புக்கும் ஆடத் தொடங்கும். கயோட்டி தென்பட்டதும் நெஞ்சு படபடக்கும். அந்தப் படபடப்பு குழல் முனை வரை போகும். விசையையும் யோசியுங்கள். ஐந்து பவுண்டு இழுவை கேட்கும் விசையை ஐந்து பவுண்டு ரைஃபிளில் இழுத்தால், விரலின் வேகமே குறியைக் கலைத்துவிடும். அரை மைல் நடந்து மூச்சிரைக்க உட்கார்ந்து, இரண்டு குச்சிகளைக் குறுக்கே நிறுத்தி அதன்மேல் வைத்துச் சுடும்போது, முன்பக்கம் சிறிது கனம் இருக்கும் ரைஃபிள்தான் அடங்கி நிற்கும். என் அளவுகோல்: வெற்று எடை 5.7 முதல் 6.6 பவுண்டு, எல்லாம் மாட்டிய பிறகு எட்டு, அதிகபட்சம் எட்டரை.

தோட்டாவுக்கு வருவோம். பாதி முடிவு இங்கேதான்.

கயோட்டிக்கு அமெரிக்காவில் வழக்கமாகப் பேசப்படுபவை நான்கு: .223 ரெமிங்டன், .22-250 ரெமிங்டன், .204 ரூகர், .243 வின்செஸ்டர். நான்கும் 300 கஜத்துக்குள் ஒரு கயோட்டியைச் சுத்தமாக வீழ்த்தும், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பெரும்பாலான வாய்ப்புகள் 200 கஜத்துக்கு உள்ளேயே வருகின்றன. .223-இல் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு வினாடிக்கு சுமார் 3,240 அடி வேகத்தில் புறப்படுகிறது. 200 கஜத்துக்கு ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்தால் 100-இல் ஒன்றரை அங்குலம் மேலேயும் 300-இல் ஏழு அங்குலம் கீழேயும் படும். 200 கஜம்வரை கணக்கே போடாமல் நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கலாம். .22-250-இல் அதே குண்டு 3,680 அடி வேகம். 300-இல் சரிவு ஐந்து அங்குலம்தான். காகிதத்தில் இது பெரிய லாபமாகத் தெரியும்.

ஆனால் சரிவு ஒரு பிரச்சினையே இல்லை. தூரம் தெரிந்தால் சரிவு தெரியும். தூரத்தை அளக்க இருநூறு டாலருக்கே லேசர் கருவி கிடைக்கிறது. அளக்க முடியாதது காற்று. நெப்ராஸ்காவிலோ கிழக்கு வயோமிங்கிலோ மணிக்கு பத்து மைல் காற்றை யாரும் காற்று என்றே சொல்வதில்லை. அந்தப் பத்து மைல் காற்று குறுக்கே அடித்தால், 300 கஜத்தில் .223-இன் 55 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 11 அங்குலம் ஒதுங்கும். .22-250 ஒன்பது அங்குலம். .243-இல் 58 கிரெய்ன் குண்டு போட்டாலும் அதே ஒன்பதுதான். .204-இன் 40 கிரெய்ன் குண்டு ஏழரையை ஒட்டி. இப்போது .223-இலேயே 75 கிரெய்ன் நீள குண்டைப் போடுங்கள்: வேகம் 2,800-க்குக் கீழே இறங்கினாலும் ஒதுக்கம் ஏழு அங்குலம் சொச்சம். மெதுவாகப் போகும் நீள குண்டு, வேகமாகப் பறக்கும் குட்டை குண்டைக் காற்றில் வென்றுவிடுகிறது.

இந்த 75 கிரெய்னைச் சுட ஒரு நிபந்தனை உண்டு. குழலுக்குள் வெட்டியிருக்கும் புரி, எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது சுற்ற வேண்டும். நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி தேவை. இல்லாவிட்டால் பறக்கும்போது தள்ளாடும். .22-250 ரைஃபிள்களில் பழைய வழக்கப்படி 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் வைப்பார்கள். அதில் 55 கிரெய்னுக்கு மேல் போனால் துல்லியம் போய்விடும். வேகமான புரியோடு வரும் புதிய .22-250-களும் உண்டு, ஆனால் தேடி வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இது கூடுதல் தலைவலி. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலம் முழுக்க எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. செம்புக் குண்டு அதே எடைக்கு ஈயத்தைவிட நீளமாக இருக்கும், ஆகவே மெதுவான புரியுள்ள குழலில் தேர்வு இன்னும் சுருங்கிவிடும். பெட்டியின்மேல் எழுதியிருக்கும் புரி அளவைப் படிக்காமல் ரைஃபிள் வாங்கவே கூடாது.

உதைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எட்டு பவுண்டு ரைஃபிளில் .223 தரும் உதைப்பு மூன்று, மூன்றரை அடி-பவுண்டு. .243 அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தோள் வலிக்காக இதைச் சொல்லவில்லை, .243-ஐச் சிறுவர்கள்கூடச் சுடுகிறார்கள். .223-இல் சுட்ட பிறகும் ஸ்கோப்புக்குள் கயோட்டி தெரிந்துகொண்டே இருக்கும். குண்டு எங்கே பட்டது, தவறினால் மண் எந்தப் பக்கம் கிளம்பியது என்று பார்த்து உடனே அடுத்ததைத் திருத்திச் சுடலாம். .243-இல் ஸ்கோப் மேலே எகிறி, மறுபடி இறங்கும்போது கயோட்டி மேட்டைத் தாண்டியிருக்கும். இலகுவான ரைஃபிளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகிறது. ஆக, எடையைக் குறைக்க நினைப்பவர் தோட்டாவையும் சிறியதாக்கத்தான் வேண்டும். .22-250 இரண்டுக்கும் நடுவே.

.204 ஒரு விசித்திரப் பிறவி. 2004-இல் தோட்டா நிறுவனமான ஹார்னடியும் துப்பாக்கி நிறுவனமான ரூகரும் சேர்ந்து கொண்டுவந்தது. 32 கிரெய்ன் குண்டு வினாடிக்கு 4,225 அடி போகிறது, உதைப்பு ஏறக்குறைய பூஜ்யம். எனக்குப் பிடித்த தோட்டா. ஆனால் சிறு நகரத்துக் கடையில் வெள்ளிக்கிழமை மாலை போய்க் கேட்டால் .223 இருக்கும், .204 இருக்காது. மையவெடி (அடிப்பகுதியின் நடுவில் தட்டினால் வெடிக்கும்) ரைஃபிள் தோட்டாக்களில் மலிவானவற்றில் .223-உம் ஒன்று. பயிற்சிக்கு ஆயிரம் தோட்டா சுடுபவருக்கு அந்தச் சேமிப்பில் ஒரு நல்ல ஸ்கோப்பே வந்துவிடும். 2024-இல் வந்த .22 ஏஆர்சி, நீள குண்டை .223-ஐவிட வேகமாகத் தள்ளுகிறது. நாலைந்து வருடம் போகட்டும், கடைகளில் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கலாம்.

தோல் கெடாமல் இருக்க வேண்டும் என்ற பழைய வாதமும் ஒன்று உண்டு. .22-250-இன் வேகம் சில சமயம் தோலில் கையளவு கிழித்துவிடும் என்பது உண்மை. ஆனால் கயோட்டித் தோலுக்கு இருந்த சந்தையே சுருங்கிப்போய்விட்டது. குளிர்கோட்டுத் தொப்பி விளிம்புக்கு அந்த ரோமத்தை வாங்கிய கனடா கூஸ் நிறுவனம் 2021-இல் விலங்கு ரோமத்தைக் கைவிடுவதாக அறிவித்து, 2022 முடிவோடு அதைப் பயன்படுத்தித் தைப்பதை நிறுத்த முடிவுசெய்தது. தோலை விற்று ரைஃபிள் காசை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே தோட்டா .223, புரி எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு ரைஃபிள்களைப் பார்ப்போம். பேச்சில் அடிபடும் பெயர்கள் பல. என் கணக்கில் மூன்றே மூன்றுதான் போட்டியில் நிற்கின்றன.

முதலாவது டிக்கா டி3எக்ஸ் லைட். பின்லாந்தின் ரீஹிமேகி ஊரில் சாகோ தொழிற்சாலையில் செய்கிறார்கள். சாகோ இப்போது இத்தாலியின் பெரெட்டா குழுமத்தின் கையில். 2003-இல் டி3 என்று வந்தது, 2016-இல் டி3எக்ஸ் ஆயிற்று. இதன் போல்ட்டை ஒருமுறை இழுத்துத் தள்ளியவர்கள் வேறொன்றை எடுத்தால் முகம் சுளிப்பார்கள். எழுபது பாகைதான் மேலே தூக்க வேண்டும். பிறகு அது தானாக வழுக்கிக்கொண்டு வரும். தடித்த கையுறை போட்ட கையின் உள்ளங்கையாலேயே தட்டித் திறந்து, அதே வீச்சில் மூடிவிடலாம், கண்ணை ஸ்கோப்பிலிருந்து எடுக்காமல். இரண்டாவது கயோட்டி வந்திருக்கும் நேரத்தில் இதன் அருமை தெரியும். விசை இரண்டு பவுண்டுவரை இறக்கிக்கொள்ளலாம், சுத்தமாக உடையும். 100 கஜத்தில் மூன்று குண்டு ஓர் அங்குலத்துக்குள் விழும் என்று கம்பெனியே உத்தரவாதம் தருகிறது.

குறை இல்லாமலில்லை. .223-க்கும் நீளமான மான் வேட்டைத் தோட்டாவுக்கும் போல்ட் ஓடும் உடல் ஒரே நீளம்தான். உள்ளே தடுப்பு வைத்து ஓட்டத்தைக் குறைத்திருக்கிறார்கள். சிறிய தோட்டாவுக்கு வேண்டாத எஃகையும் சேர்த்துத் தூக்குகிறோம். குழலையும் உடலையும் தாங்கித் தோளில் ஊன்றும் பிளாஸ்டிக் கட்டை உள்ளே வெற்றிடம். முள்செடி உரசினால் டொக்கென்று ஒலிக்கும் என்று பழைய மாடலில் புகார் எழுந்ததால், டி3எக்ஸில் பின்கட்டைக்குள் நுரை அடைப்பு வைத்தார்கள். உதிரி மேகசின் விலை கேட்டால் மனசு ஒருமுறை நின்று போகும். 22.4 அங்குலக் குழலின் முனையில் அடிப்படை லைட் மாடலில் மரை கிடையாது. ரஃப்டெக் போன்ற மாடல்களுக்குப் போக வேண்டும். இது ஏன் முக்கியம் என்று கீழே சொல்கிறேன். விலை ஆயிரம் டாலருக்குள் அடங்கும்.

இரண்டாவது ரூகர் அமெரிக்கன். 2012-இல் விலை மலிவான வேட்டை ரைஃபிளாக வந்து, சுட்டால் மட்டும் விலைக்கு மீறிய துல்லியம் காட்டிப் பேர் வாங்கியது. முதல் தலைமுறையின் கட்டை மெலிந்தது. இருகால் தாங்கியில் ஊன்றிச் சாய்ந்தால் முன்பகுதி வளைந்து குழலைத் தொட்டுவிடும். 2023 இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில் கட்டையைத் திருத்தினார்கள். கன்னம் வைக்கும் மேட்டை மாற்றிக்கொள்ளலாம், பின்பக்கத் துண்டைக் கழற்றி நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம். உயரம் குறைந்தவர்களுக்கு, முக்கியமாக வீட்டில் இரண்டு பேர் ஒரே ரைஃபிளை மாற்றி மாற்றிச் சுடும் இடத்தில், இது பெரிய வசதி. அமெரிக்க ரைஃபிள்களின் கட்டை நீளம் ஆறடி ஆளை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகிறது. நம்மில் பலருக்குத் தோளில் வைத்தால் கண் ஸ்கோப்புக்கு எட்டாது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

ரூகரில் இரண்டு வகை பார்க்கலாம். பிரிடேட்டர் என்பது 22 அங்குலக் குழல், ஆறரை பவுண்டை ஒட்டிய எடை. ராஞ்ச் என்பது 16 அங்குலக் குட்டைக் குழல், ஆறு பவுண்டு சொச்சம். இரண்டின் முனையிலும் மரை உண்டு. .223-இல், ஏஆர்-15 என்ற அரைத் தானியங்கி ரைஃபிளின் மேகசினையே ஏற்றுக்கொள்கிறது. டிக்கா மேகசின் ஒன்றின் விலைக்கு இதற்கு நாலைந்து வாங்கிவிடலாம். போல்ட் டிக்கா அளவு வழவழப்பு இல்லை. பெட்டியிலிருந்து எடுத்ததும் மணல் பட்டதுபோல் கரகரக்கும். சில நூறு தடவை இழுத்துத் தள்ளினால் படிந்துவிடும். டிக்காவைவிட இருநூறு டாலராவது குறைவு.

மூன்றாவது ஹோவா 1500 மினி ஆக்‌ஷன். ஜப்பானில் ஐச்சி மாகாணத்து கியோசு ஊரில் இருக்கும் ஹோவா மெஷினரி செய்வது. வெதர்பி வேன்கார்டு என்ற பெயரில் விற்பதும் இவர்கள் கைவேலைதான். டிக்கா செய்யாததை இவர்கள் செய்தார்கள்: .223 குடும்பத்துச் சிறு தோட்டாக்களுக்கென்றே உடலைச் சுருக்கினார்கள். போல்ட் ஓட்டம் சாதாரணக் குட்டை உடல் ரைஃபிளைவிட 12 சதவீதம் குறைவு. மெல்லிய குழல் வைத்த மாடல் 5.7 பவுண்டு. மூன்றிலும் இலகு இதுதான், அதிலும் இந்த இலகு தேவையற்ற எஃகை எடுத்துவிட்டதால் வந்தது; குழலை ஊசியாக இழைத்து வரவில்லை. கையில் எடுத்தால் எல்லாம் அளவாக இருக்கும். இரண்டு கட்டமாக இழுக்கும் விசை, முதல் கட்டத்தில் தளர்வு தீர்ந்து இரண்டாவதில் துல்லியமாக விடும். விலையைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இதன் எரிச்சல் அடியில் தொங்கும் பிளாஸ்டிக் மேகசின். ரைஃபிளை ஒரு கையால் நடுவில் பிடித்துக்கொண்டு நடப்பது வேட்டைக்காரர்களின் இயல்பு. எடை சமன்படும் அந்த இடத்தில்தான் மேகசின் துருத்திக்கொண்டிருக்கிறது. விரல்கள் சுற்றி மூடாது. வாரில் மாட்டி நடப்பவருக்கு இது ஒன்றுமேயில்லை. கையில் பிடித்து நடப்பவருக்கு ஒவ்வொரு அடியிலும் உறுத்தும். வாங்குமுன் கடையிலேயே காலி மேகசினைப் போட்டுப் பத்தடி நடந்து பாருங்கள்.

சாவேஜ், மாஸ்பெர்க், பெர்காரா பெயர்களும் வரும். நல்லவைதான். இடது கைக்காரர்கள் சாவேஜையும் டிக்காவின் இடதுகை மாடலையும் பார்க்க வேண்டும். செக் நாட்டு சீஇசெட் 527 என்று ஒரு அருமையான சின்ன ரைஃபிள் இருந்தது. தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பழையது கிடைத்தால் விலை எகிறுகிறது. கரிநார் (கார்பன் ஃபைபர்) சுற்றிய குழல்கள் இரண்டாயிரம் டாலருக்கு மேல் போகின்றன. மூன்று குண்டு சுடும் வேட்டைக்கு அது ஆடம்பரம்.

ஏஆர்-15 ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு: கூடாது என்றில்லை. கூட்டமாக வரும்போது அடுத்தடுத்துச் சுட அதுதான் வசதி. ஆனால் அதே எடைக்குள் அதே துல்லியம் வேண்டுமென்றால் போல்ட் ஆக்‌ஷன் பாதி விலையில் கொடுக்கிறது, சில மாநிலங்களில் ஏஆர் வகைக்கு இருக்கும் தடைகளும் இதற்கில்லை.

மரை விஷயத்துக்கு வருகிறேன். சப்ரஸர் எனப்படும் ஒலியடக்கி இப்போது இந்தக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. 1934 முதல் அதற்கு இருந்த 200 டாலர் கூட்டாட்சி வரி, 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம். பதிவும் பின்னணிச் சோதனையும் அப்படியே இருக்கின்றன, கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அனுமதியே கிடையாது. ஆனால் டெக்சாஸ் மாதிரி இடங்களில் வேட்டைக்காரர்கள் பெருமளவு அந்தப் பக்கம் போகிறார்கள். காதுக்கு நல்லது. முதல் சத்தத்திலேயே மற்றக் கயோட்டிகளுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடாது. சிக்கல் எடையில். பத்துப் பன்னிரண்டு அவுன்ஸ், அதுவும் குழலின் நுனியில் தொங்கும். நீளத்தில் ஆறேழு அங்குலம் கூடும். டிக்காவின் 22.4 அங்குலத்தில் அதை மாட்டினால் முன்பக்கம் முப்பது அங்குலத்தை நெருங்கும். வண்டியிலிருந்து இறங்கும்போது கதவில் இடிக்கும், மெஸ்கீட் முட்காட்டில் திரும்ப முடியாது. ரூகர் ராஞ்சின் 16 அங்குலத்தில் மாட்டினால் மொத்தமே 23. குட்டைக் குழலால் வேகம் கொஞ்சம் குறையும். டெக்சாஸ் புதர்க்காட்டில் 150 கஜத்துக்கு மேல் எதுவும் தெரியப்போவதில்லை, நட்டமில்லை. இரவில் வெப்பப் படக் கருவி வைத்துச் சுடுபவர்களுக்கு மட்டும் இந்த எடைப் பேச்சே பொருந்தாது. அந்தக் கருவியே இரண்டு பவுண்டு வரை வரும், ஆட்களும் முக்காலி போட்டு நிற்பார்கள்.

என் தீர்ப்பு இடத்தைப் பொறுத்தது. மேற்கின் திறந்த வெளியில், நடந்து, பகலில் சுடுபவர் டிக்கா டி3எக்ஸ் லைட்டை .223-இல் எடுக்கட்டும். டெக்சாஸ், ஓக்லஹோமா புதர்க்காட்டில் ஒலியடக்கியோடு சுற்றப்போகிறவருக்கு ரூகர் ராஞ்ச். பணம் இறுக்கமானவருக்கும் அதுவே. உடல்வாகு சிறியவர், தோள்வாரில் சுமப்பவர், எடையை உண்மையாகவே குறைக்க விரும்புபவர் ஹோவா மினி. காற்று ஓயாத சமவெளியில் 300 கஜத்துக்கு மேல் அடிக்கடி சுட நேர்ந்தால் மட்டும் .22-250 பக்கம் போங்கள். அதிலும் வேகமான புரி, பிரிடேட்டர் போல ஆறரை பவுண்டுக்குக் குறையாத ரைஃபிள். .243-ஐ, அதே ரைஃபிளில் மானும் சுட வேண்டும் என்றால் எடுக்கலாம். கயோட்டிக்கு மட்டுமென்றால் வேண்டாம்.

வாங்கப் போகும் தமிழர்களுக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடாமல் வளர்ந்தவர்கள். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது நரியைச் சுட்டாலும் குற்றம். அமெரிக்காவில் பச்சை அட்டை (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) இருந்தால் கூட்டாட்சிச் சட்டப்படி குடிமகனைப் போலவே வாங்கலாம். எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் முதலில், ரைஃபிள் பிறகு; நண்பரின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இதே விதிக்குள்தான் வரும். உரிமம் காலாவதியானால் வீட்டில் இருக்கும் துப்பாக்கியே குற்றமாகிவிடும் என்பதைக் காலண்டரில் குறித்து வையுங்கள். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைக் கல்வி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். அங்கே கயோட்டிக்கு மூடுகாலம் இல்லை, ஆனால் நிலம் பெரும்பாலும் தனியாருடையது, உரிமையாளர் அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டக்கூடாது. மேற்கே கூட்டாட்சிப் பொது நிலம் விரிந்து கிடக்கிறது; விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் கையேட்டைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ரைஃபிள் வந்ததும் ஒரே வகைத் தோட்டாவில் பத்துப் பெட்டி வாங்கிவிடாதீர்கள். மெல்லிய குழல்களுக்கு விருப்பு வெறுப்பு அதிகம். 55 கிரெய்னில் ஒரு பெட்டி, 60-ஐ ஒட்டி ஒன்று, 75-இல் ஒன்று வாங்கி, மூன்று மூன்றாகச் சுட்டு, ஒவ்வொரு மூன்றுக்குப் பிறகும் குழலை முழுதாக ஆறவிட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பாருங்கள். வேட்டையில் சுடப்போவது குளிர்ந்த குழலில் இருந்து புறப்படும் முதல் குண்டுதான், அதனால் ஒவ்வொரு முறையும் முதல் துளை எங்கே விழுந்தது என்பதைக் காகிதத்திலேயே தனியாக வட்டமிட்டு வையுங்கள். எந்தத் தோட்டாவில் அந்த முதல் துளைகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றனவோ, அதில் பத்துப் பெட்டி வாங்கலாம்.